பத்து-பதினொன்று

எஸ்.ஜே.பி. ரோட்டுக்குப் பின்னால்
இரண்டு ஆள் ஒதுங்க முடியாத சந்தில்
நயாஸ் பாயின் குடோன்.
லாட்டாகத்தான் தருவார். கிலோ நூற்றுப்பத்து.
பொறுக்கக் கூடாது, கழிக்கக் கூடாது,
மூட்டை எப்படியோ அப்படி.
அறுபது கிலோ போதுமென்றுதான் போனேன்.
"சாக்கு அக்கா, சாக்கு" என்றான் முனிராஜு.
கன்னடத்தில் போதும் என்கிறான்.
நான் தமிழில் கேட்டுவிட்டு
இன்னொரு சாக்கை ஏற்றச் சொன்னேன்.

எங்கிருந்து வந்தது பாய்?
மேலேயிருந்து, என்று தகரக் கூரையைக் காட்டினார்.
பில் போடும்போது பேங்க் ஏலம் என்றார்.
டெம்போ கிளம்பும்போது
ஓசூர் பக்கம் ஏதோ மூடிட்டாங்கம்மா என்றார்.
நாலாவது முறை கேட்டதற்கு
டீ வந்தது.

காமாட்சிபாளையத்தில் ஷட்டரை முக்கால் இறக்கி
தார்ப்பாயில் கொட்டினோம்.
மாடி வீட்டுக் குழந்தை எழுந்து அழுதது.
டீசல் வாளியில் முக்கித் துடைக்கத் துடைக்க
ஒவ்வொன்றாய் ஆட்கள்.
குறடு ஒன்றின் பிடியில் சைக்கிள் டியூப்,
அதன்மேல் நெருக்கமாய்ச் சிவப்பு நூல்:
கை வேர்க்கிறவர்.
ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை உளியாக வைத்து அடித்து அடித்து
பிடியின் மண்டை காளானாய் விரிந்திருக்கிறது.
செய்தவன் பார்த்தால் வைவான்.
ஒரு ஸ்பேனரில் ஆணியால் கீறிய ரா.கு.
அதைக் குறுக்கே அடித்துவிட்டு
பக்கத்தில் கன்னடத்தில் ஓர் எழுத்து.
விற்றாரா ரா.கு., தோற்றாரா,
இல்லை நைட் ஷிப்டில்
இதோ தருகிறேன் என்று வாங்கிப்போனவர்
தராமலே இருந்துவிட்டாரா.

கிரீஸ் தாள் பிரிக்காத ரிங் ஸ்பேனர்கள்
நாற்பது இருந்தன, ஒரு கையும் படாமல்.
மற்றதையெல்லாம் எடுத்துப் பார்த்தவள்
அவற்றை மட்டும் சீக்கிரம் மூடி வைத்தேன்.
யாரோ நாற்பது பேரை வேலைக்கு எடுக்க நினைத்திருக்கிறார்கள்.

எண்ணிப் பிரித்தான் முனிராஜு.
பன்னிரண்டு-பதிமூன்று, நாற்பத்தொன்று.
பதினாலு-பதினைந்து, முப்பத்தாறு.
இருபது-இருபத்திரண்டு, துருவோடு பதினேழு.
பத்து-பதினொன்று?
தார்ப்பாயை உதறினான். சாக்கைக் கவிழ்த்தான்.
நூற்றிருபது கிலோவில் ஒன்றுகூட இல்லை.
"அது எல்லா இடத்துலயும் தொலையும் அக்கா" என்றான்.

தொலையும்தான்.
பொம்மசந்திராவில் எங்கள் பம்ப் லைன் மூடிய அன்று
டூல் ரிஜிஸ்தரில் வரிசையாகக் கையெழுத்து.
பன்னிரண்டு-பதிமூன்று, ஒப்படைத்தேன்.
பதினாலு-பதினைந்து, ஒப்படைத்தேன்.
பத்து-பதினொன்று தொலைந்தது என்று எழுதி
எண்பத்தைந்து ரூபாய் கணக்கில் கழித்தார்கள்.
ஒன்பது வருஷ செட்டில்மென்டில் அந்த ஒரு கழிவுக்குத்தான்
நான் வாதாடவில்லை.
எலுமிச்சை சாதத்துக்கு அடியில் இருந்தது அது.
கேட்டில் தாட்சாயிணி டப்பாவைத் திறந்தாள்,
சாதத்தை விரலால் லேசாக விலக்கினாள்,
மறுபடி மூடி, "ஊறுகாய் வெச்சுக்கலையா" என்றாள்.
எனக்குப் பின்னால் வரிசை நீளமாக இருந்தது.
எத்தனை டப்பாவோ.

இன்றைக்கு எல்லாவற்றின் கழுத்திலும்
எங்கள் லைன் பஞ்ச் தேடினேன்,
எல்-4, நாலு கொஞ்சம் சாய்ந்திருக்கும்.
கிடைக்கவில்லை.
நிம்மதியா என்று கேட்டால்
விளக்கு போட நேரமாகிவிட்டது என்பேன்.

திங்கட்கிழமை முதல் போணி,
பல்சர் நிறுத்திவிட்டு வந்த பையன்.
விரல் நகமெல்லாம் கறுப்பு.
பத்து-பதினொன்று இருக்கா என்றான்.
இந்த லாட்டில் வரலை என்றேன்.
வேறு வழியில்லாமல் ஒரு குறடு எடுத்தான்,
சிவப்பு நூல் சுற்றியது,
பிடித்துப் பார்த்துவிட்டு விலைகூடப் பேசவில்லை.
மீதி கொடுக்கக் கல்லாவை இழுத்தேன்.
சில்லறைக்கு அடியில்
கனமாக ஒன்று உருண்டு பலகையில் முட்டியது.
அவன் நிமிர்ந்து பார்த்தான்.
பத்து ரூபாய் நோட்டாக இருந்தால்
நல்லது என்றான்.