குத்துமதிப்பு

கால்குலேட்டர் கூடாது. அளவுகோல் கூடாது.
ஐந்து கேள்வி, இருபது நிமிடம்.
பத்து மடங்குக்குள் வந்தால் முழு மதிப்பெண்.
விதியை எழுதியவள் நான்தான்.

மதிப்பிடுங்கள் என்றேன் அவர்களை.
இப்போது அவர்களை நான் மதிப்பிட வேண்டும்.
ஒரே வினைச்சொல்.
சிவப்புப் பேனா மட்டும் என்னிடம்.

கெலுகோரில் மழை விடவில்லை.
மின்விசிறிக்குப் பறக்காமலிருக்க
நாற்பத்தொரு தாளின் மேல் மைலோ டின்.

ஹுய் ஷான் கொம்தாரின் உயரத்துக்குத்
தசமப் புள்ளி தாண்டி ஆறு இலக்கம் தந்திருக்கிறாள்.
இத்தனை துல்லியமாக யாரும் தவறியதில்லை.
ஃபாரிஸ் மணிக்கு என்று எழுத வேண்டியதை
நொடிக்கு என்று எழுதிவிட்டான்:
அவனுடைய ஃபெரி பட்டர்வொர்த் போய்ச் சேர்ந்தபோது
இங்கே கயிறுகூட அவிழ்க்கவில்லை.
மிருதுபாஷிணிக்கு ஒரு சோற்றுப் பருக்கை இரண்டு கிராம்.
அவள் சாப்பிடும் நாசி கண்டாரில்
எண்ணினால் நூறு பருக்கை தேறும்.

நான்காம் கேள்வி:
நிரம்பிய கேஸ் தோம்பு ஒன்றின் நிறை என்ன?
காரணம் கூறுக.
என் விடைக்குறிப்பில் பதினான்கு கிலோ.
யுவநேசன் எழுதியிருப்பது இருபத்தெட்டு.

காரணம்:
"இடது தோள். மூன்றாம் மாடிக்கு மேல் வலது தோள்.
சனி ஞாயிறில் லிஃப்ட் ஓடாது டீச்சர்.
காலித் தோம்போடு இறங்கும்போதும்
பாதி கனம் அப்படியே இருக்கும்."

பாதி கனம்.
தோம்பின் மேல் ஒட்டியிருந்ததைப் பார்த்து எழுதினேன்,
அது வாயுவின் கணக்கு.
இரும்பை மறந்திருக்கிறேன்.

இரண்டுக்கு இரண்டு போட்டேன்.
அதற்குமேல் போட இடமில்லை.
பதினான்கு என்று எழுதிய பதினேழு பேருக்கும் இரண்டு.
நூறு என்று எழுதியவனுக்கும் இரண்டு.
என் விதிப்படி எல்லோரும் சரி,
நானும்.

விடைக்குறிப்பை எடுத்து
அதே சிவப்பில் என் எண்ணை அடித்தேன்.
பிறகு, நள்ளிரவு தாண்டி,
அடுப்படியில் குனிந்து
எங்கள் தோம்பை வளையத்தில் பிடித்துத் தூக்கினேன்.
தரையைவிட்டு ஒரு விரற்கடை. அவ்வளவுதான்.
டங்கென்று வைத்த சத்தத்தில்
கீழ்வீட்டில் விளக்கெரிந்தது.

உள்ளே எவ்வளவு மிச்சம்?
இரும்பைக் கழிக்கத் தெரியவில்லை கைக்கு.
காலைத் தேநீருக்குப் போதும் என்று நினைக்கிறேன்,
பத்து மடங்குக்குள்.