முதுகுப்புறத்து அந்தி

மாறுதல் உத்தரவில் இருந்த ஊர் கோத்தகிரி.
தூத்துக்குடியில் பன்னிரண்டு வருஷம்
வீட்டு மீட்டரில் கணக்கெடுத்தவள்
இங்கேயும் அதைத்தான் செய்கிறேன்,
தெருவுக்கு நாற்பது வீடு என்பது போய்
சரிவுக்கு நாலு வீடு.

முதல் மாதம் முழுக்க
ஐந்து மணிக்கு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு
சூரியன் விழும் இடம் தேடினேன்.
சர்ச்சுக்குப் பின்னால் தெரியும் என்றார்கள்.
சில்வர் ஓக் தெரிந்தது.
தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறச் சொன்னார்கள்.
மூச்சு வாங்க ஏறி நிமிர்வதற்குள்
தொட்டபெட்டா அதை எடுத்து
மடியில் முடிந்துகொண்டது.
காட்சிமுனை என்று பலகை வைத்த இடத்தில்
கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தவர்
“நாளைக்கு வாங்க” என்றார்.
நாளைக்குப் பனி.
மறுநாள் காட்டெருமை.
நடுரோட்டில் நின்று
நான் மீட்டரைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தது.

கஸ்பாரிடம் போனில் புலம்பினேன்.
தம்பி. துறைமுகத்தில் இழுவைப் படகு.
“நம்மூர்ல மட்டும் கடல்லயா விழுதுக்கா?
உப்பளத்துக்குப் பின்னாலல்லா விழுது.
நாம கப்பலைத்தான பாத்துட்டு நிப்போம்?”

ஆமாம்.
நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் கப்பலில்
முதலில் நீர்மட்டத்துச் சிவப்பு அணையும்.
அப்புறம் பெட்டிகள், ஜன்னல்கள்.
கடைசியாகக் கொடிமரத்தின் நுனி.
சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டா நின்றோம்
அத்தனை வருஷமும்?

ஒரு வியாழக்கிழமை, கோடநாடு சாலையில்
தேயிலைத் தொழிற்சாலை சாம்பல் கொட்டும் மேட்டருகே
இலை லாரி ஒன்று ஜாக்கியில் நின்றது.
கிளீனர் டயரை ஒட்டக் கொண்டுபோயிருந்தான்.
டிரைவர் பெயர் பெள்ளி.
சூரியன் தேடுகிறேன் என்றதும்
ஸ்பேனரை நீட்டித் திசை காட்டினார்.
“அது கிழக்கு” என்றேன்.
“ஆமா” என்றார்.

மலையின் நிழல் கிளம்பியிருந்தது.
தெங்குமரஹாடாவின் வாழைகளை மூடி,
மோயாற்றை ஒரே எட்டில் தாண்டி,
காட்டுக்குமேல் ஈரத்துணிபோல் நகர்ந்தது.
பவானிசாகர் அப்போதும் வெள்ளைத் தகடு.
நிழலின் மூக்கு பட்டதும் செம்பு,
அப்புறம் ஈயம்,
அப்புறம் அங்கே அணை இருப்பதாக
நாம்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.
நிலம் தீர்ந்த பிறகும் அது நிற்கவில்லை,
தூசியில் ஏறி
வானத்தில் ஊதா முக்கோணமாய்ச் சாய்ந்தது.
“எந்த மலைக்கும் நிழல் அப்படித்தான்,
கூரா இருக்கும்” என்றார் பெள்ளி
பீடியைப் பற்றவைத்தபடி.

விளக்குகள் அந்த வழியிலேயே வந்தன.
தொழில் புத்தி, எண்ணத் தொடங்கினேன்.
மஞ்சளெல்லாம் பழைய சோடியம்,
வெள்ளை எல்.ஈ.டி.
ஊர்வது சத்தி ரோடு.
வலது ஓரத்தில் கோயம்புத்தூர்,
விளக்காக இல்லை,
அடுத்த வீட்டுச் சமையல்போல் வெறும் தகவலாக.

ஏழே காலுக்கு ஒரு துண்டு அணைந்தது.
ஓர் ஊரளவு கறுப்பு.
“பீடர் போயிருச்சு” என்றேன்.
அங்கே இப்போது ஒருவன்
லுங்கியை அவிழ்த்துப் பேண்ட்டுக்குள் நுழைகிறான்,
டார்ச் கிடைக்கவில்லை,
போன் விடாமல் அடிக்கிறது,
தட்டில் பாதிச் சோறு என்று
பெள்ளிக்கு விளக்கினேன்.
அவர் பீடியை மறந்து
அந்தக் கறுப்பையே பார்த்தார்.
ஏழு முப்பத்தெட்டுக்குத் திரும்ப வந்தது.
இரண்டு பேரும் கைதட்டிவிட்டோம்.

படம் எடுத்து அனுப்பினேன்.
கறுப்பில் சில புள்ளிகள், என் கட்டைவிரல்.
“எத்தனை கப்பல் நிக்கி?” என்று கேட்டிருந்தான் கஸ்பார்.
நாற்பதுக்கு மேல் என்று அடித்தேன்.
ஒன்றுகூட உள்ளே வரவில்லை என்று
சேர்க்கலாமா என யோசிக்கையில்
கிளீனர் டயரை உருட்டிக்கொண்டு வந்தான்.

செருப்பையும் மீறிச் சாம்பல் வெதுவெதுத்தது.
பெள்ளி மூட்டைக்குள் முழங்கைவரை கைவிட்டு
“இலை சூடாகுது, சூடாகுது” என்று
சக்கரத்தை மாட்ட ஓடினார்.