பதினோராம் கல்

உசிலம்பட்டியில் பூ மூட்டைகள் இறங்குகிற இடத்தில்
தொடங்குகிறது ரோடு.
கோப்பில் அதற்கு ஓர் எண் இருக்கிறது.
எனக்கு அது என் பிரஷ் போகிற வழி.
வருஷத்துக்கு ஒருதரம், பொங்கலுக்கு முன்னால்,
கல் கல்லாகக் குந்தி உட்கார்ந்து
உடம்புக்கு வெள்ளை, தலைக்குப் பச்சை.

முன்பு தலை கறுப்பு.
மாவட்டச் சாலையாக இருந்தபோது.
மாநில நெடுஞ்சாலையாக உயர்ந்த அன்று
யாரும் கொட்டடிக்கவில்லை.
நான்கு லிட்டர் பச்சை பெயின்ட்டும்
ஒரு சுற்றறிக்கையும் வந்தன.
அதே தார். அதே குழி.
சுரண்டிப் பார்த்தால் பச்சைக்கடியில் கறுப்பு,
கறுப்புக்கடியில்
உளி கொத்திய ஒரு மைல் கணக்கு.

மேற்கே மலை கூடவே வரும்
டிக்கெட் எடுக்காத ஆள் மாதிரி
கொஞ்சம் ஒதுங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு.
ஊர்ப் பெயர் எழுமலை.
எனக்கு ஒருநாளும் ஏழு வந்ததில்லை.
வெயிலில் எண்ணினால் ஐந்து,
மழை விட்ட மறுநாள் ஒன்பது.
தெற்கே போகப் போக மண் கறுக்கும்.
பேரையூர் நெருங்கும்போது
செருப்பில் ஒட்டுவது வேறு மண்.

தை மாதம் பாதி ரோடு எங்கள் இலாகாவுடையது இல்லை.
குதிரைவாலிக் கதிரை விரித்துவிடுவார்கள்.
லாரி மிதிக்கும், மினி பஸ் மிதிக்கும்,
கல்யாண வேன் ஹாரன் அடித்தபடி மிதிக்கும்.
விதிப்படி நான் தடுக்க வேண்டும்.
ஓரமாக நின்று கை காட்டுகிறேன்:
இந்தப் பக்கம், இன்னும் கொஞ்சம், கதிர் மேலேயே ஏத்துங்க.

பதினோராம் கல் தாண்டியதும் ரோடு இடது பக்கம் ஒடியும்.
மேடு இல்லை, ஓடை இல்லை, சாமி இல்லை.
சமதரையில் காரணம் சொல்லாத வளைவு.
இரண்டு பைக், ஒரு பால் வண்டி போன பிறகு
நேராக்கச் சொல்லி உத்தரவு வந்தது.
ஏ.இ. ஆக்னஸ் மேடம் பழைய வரைபடத்தை
ஜீப் பானட்டில் விரித்து, பறக்காமல் இருக்க
டிபன் பாக்ஸை மேலே வைத்தார்.
வளைவின் வயிற்றில் ஒரு சின்னச் சதுரம்.
பெயர் எழுதியிருக்கவில்லை.

கிணறு, என்றார் சர்வேயர்.
ரோலர் ஓட்டும் கட்டப்பிள்ளை இறங்கி வந்தான்.
கிணத்தைச் சுத்தியா ரோடு போடுவான் வெள்ளைக்காரன்?
சாவடி அது. ரேகைச் சாவடி.
எங்க பாட்டன் தினம் ராத்திரி
போய்ப் படுத்த இடம்.
சீட்டு இல்லாமல் அடுத்த ஊர் எல்லை மிதிக்க முடியாது.
எந்த வண்டியும் சாவடி வாசலை
உரசிக்கொண்டுதான் போகணும்னு
ரோட்டை வளைச்சிருக்கான்.
மேடம் எதையோ எழுதப் போய்
பேனாவை மூடிக்கொண்டார்.

தோண்டினோம்.
தார், அதற்கடியில் தார், ஜல்லி, சரளை,
வண்டிச் சக்கரம் இறுக்கிய செம்மண்.
பக்கத்துத் தரிசில் நாலு செங்கல்.
கிணறு என்றும் சொல்லலாம், சாவடி என்றும் சொல்லலாம்.
செங்கல் வாய் திறக்கவில்லை.
கட்டப்பிள்ளை மட்டும் அன்றைக்குச் சாப்பிடவில்லை.
வயிற்று வலி என்றான்.

இப்போது ரோடு நேராகப் போகிறது.
அறுபது மீட்டர் மிச்சம்.
அதனால் அங்கிருந்து பேரையூர் வரை
ஒவ்வொரு கல்லும் அறுபது மீட்டர் பொய் சொல்கிறது.
நட்ட கல்லை நகர்த்த நிதி இல்லை,
விட்டுடுங்க ஒச்சம்மா, என்றார் மேடம்.
பொய்க்கும் நான்தான் வெள்ளை அடிக்கிறேன்.

துண்டிக்கப்பட்ட வளைவில்
யாரோ கதிர் காயப் போட்டிருக்கிறார்கள்.
சக்கரம் வராத ரோடு, மாடுதான் மிதிக்க வேண்டும்.
முனையில் பழைய பதினோராம் கல்.
புது ரோட்டில் வேறு கல் நட்டாயிற்று,
இதற்குக் கணக்கு இல்லை.
பெயின்ட் மிச்சமிருந்ததால் உட்கார்ந்தேன்.
உடம்புக்கு வெள்ளை.
தலைக்கு என்ன நிறம் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.
டப்பாவில் இருந்தது பச்சை, அடித்தேன்.

எழுந்திருக்கும்போது பெருவிரல் முழுக்கப் பெயின்ட்.
கல்லின் முதுகில் துடைக்கப் போன கை
பாதியில் நின்றது.
சேலையில் துடைத்துக்கொண்டேன்.