சோதனைச்சாவடி

போகும்போது யாரும் நிறுத்துவதில்லை.
வரும்போதுதான்.

பாண்டியிலிருந்து வருகிற எந்தப் பெட்டியும்
ஆல்பேட்டையில் பாட்டில் பெட்டிதான்.
ஏட்டு தணிகைவேல் மூடியைத் திறந்து
டார்ச் அடித்து, குனிந்து முகர்ந்து
"காலியாத்தான் இருக்கு, போ" என்பார்.
உருகிய ஐஸ் பொட்டலம் நான்கு,
ஒரு ரப்பர் பேண்ட்,
யாருடையதோ உரிந்துவிழுந்த ஸ்டிக்கர்.

போகும்போது அது காலியில்லை.
முதுநகரில் பதினொன்று, மஞ்சக்குப்பத்தில் இருபத்தாறு,
சிப்காட் ஷிஃப்ட் முடிந்து வந்தவர்களிடம்
மெஹருன்னிசா எடுத்துவைத்த ஏழு.
ஊதா மூடி, மஞ்சள் மூடி, சாம்பல் மூடி.
சாப்பிடாமல் வந்தவர்களின் ரத்தம்,
டீ மட்டும் குடித்தேன் என்று
கடைசிவரை சொல்லாதவர்களின் ரத்தம்.
குலுங்கினால் சிவப்பணு உடைந்துபோகுமாம்.
ரெட்டிச்சாவடி வரைக்கும் ஒவ்வொரு பள்ளமும்
எனக்கு மனப்பாடம்.
முட்டை வண்டிக்காரனே என்னை முந்திக்கொண்டு போகிறான்.

முத்தியால்பேட்டை லேபில் பெலிசித்தா மேடம்
ஒவ்வொன்றாய் ஸ்கேன் செய்வார்.
கடைசி பீப் கேட்டதும் என் வேலை முடிந்தது.

பெட்ரோல் பங்கில் தெரிந்தவர்கள் கேட்பார்கள்:
"நேத்து குடுத்தோமே, எங்கப்பாவுக்கு எப்படி இருக்கு?"
எனக்கென்ன தெரியும்.
தபால்காரனாவது
கார்டைத் திருப்பிப் படித்திருப்பான்.

போன செவ்வாய் புதிதாக ஒன்று:
மூடி இறுக்கிய ஃபார்மலின் டப்பா,
அங்கிருந்து இரவு பஸ்ஸில் சென்னை போகவேண்டியது.
உள்ளே மிளகளவு சதை.
லேபிளில் த. வளர்மதி, 44.
தொடர்பு எண்ணை எழுதிக்கொள்ளப் போனால்
அது என் செல்லில் ஏற்கெனவே இருந்தது,
எப்போதோ ஹெல்மெட்டை மறந்துவிட்டு வந்த நாளில்
"செக்போஸ்ட்" என்று பதிந்துவைத்தது.

அன்று திரும்பும்போது தூறல்.
கைகாட்டி நிறுத்தினார்.
டார்ச்சை எடுக்கவில்லை.
ஈர மூடிமேல் கையை வைத்துக்கொண்டு,

"ஐஸ் சரியா இருந்துச்சா?"

இருந்துச்சு சார்.

"ஆட்டாம கொண்டுபோனியா?"

ஆட்டாமத்தான் சார்.

அந்த டப்பாவுக்கு ஐஸ் தேவையில்லை,
ஆடினாலும் ஒன்றும் ஆகாது.
அதை நான் சொல்லவில்லை.

"ரிசல்ட்டு..." என்றவர்
என் முகத்தைப் பார்த்துவிட்டு
"மழையில நிக்காத, போ" என்றார்.

பின்னால் ஒரு கார்க்காரன் ஹாரன் அடித்தான்.
அவன் டிக்கியில் என்ன இருந்ததோ,
அன்றிரவு
திறக்காமலே போனான்.