பதினெட்டு வெள்ளி ரெக்சின்

பஹாவ், லிம் தவுக்கே கடையில்
மீட்டர் பதினெட்டு வெள்ளி, சிவப்பு ரெக்சின்.
மோரிஸ் மைனரின் இருக்கைத் தோலைப்
பிளேடால் தையல் தையலாய்ப் பிரித்தேன்.
ஸ்பிரிங்குகளுக்கிடையே தேங்காய் நார்,
யாரோ தொலைத்த கொண்டை ஊசி,
எறும்புப் புற்று.

பள்ளிச் சீருடை தைக்கிற மெஷின்
மூன்று ஊசியைத் தின்றது.
நாலாவதில் பைப்பிங்
வளைவுக்கு வளைந்து கொடுத்தது.

மாட்டும்போதுதான் தெரிந்தது,
இரண்டு உறையும் இடப்பக்கத்துக்கு.
அச்சைத் திருப்பிப் போட மறந்து
ஒரே வெட்டை இருமுறை வெட்டியிருக்கிறேன்.

செண்பகவல்லி சிரிக்கவில்லை.
சாவியைப் பிடுங்கி,
ஓட்டுநர் பக்கத்து வெறும் ஸ்பிரிங்கில்
அரிசிச் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்தாள்:
"உங்க பக்கம் நல்லாத்தானே இருக்கு, ஏறுங்க."

செம்பனை லோரிக்குப் பின்னால்
முதல்முறை பயணியாய்ப் போகிறேன்.
பள்ளம் வரும்போதெல்லாம்
அவள் மட்டும்
ஓர் அங்குலம் உயர்கிறாள்.