உட்காராத ஆறு வாரம்

மணிக்கொரு தரம் ஜெசிந்தா வருகிறாள்.
டார்ச் அடித்து, விரலால் அழுத்தி,
வெளுத்த இடம் சிவக்கும்வரை
வாய்க்குள் எண்ணுகிறாள்.
"உயிரோட இருக்குக்கா."
சொன்னது என்னை அல்ல.

கர்ப்பப்பை, மலக்குடல், நடுவிலிருந்த எல்லாம்
வழித்தெடுத்த பள்ளத்தில்
தொடைச் சதையை
ரத்தக்குழாய் அறாமல்
திருப்பி வைத்திருக்கிறார்களாம்.

ஆறு வாரம் உட்காரக் கூடாது.
சிவதாபுரம் பட்டறையில்
இருபது வருஷம் உட்கார்ந்தே
கொலுசுக்குப் பொடி வைத்து ஊதியவள்,
நின்றபடி இட்லி தின்கிறேன்.
ஜன்னலுக்கு வெளியே ஏற்காடு மலை
மேகத்தை மடியில் போட்டு
ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.

நேற்று தையலைத் துடைக்கையில்
"தொடையை எதுக்கும்மா துடைக்கிற?" என்றேன்.
அவள் கை தொடையில் இல்லை.

இடம் மாறியது
அதற்கு இன்னும் தெரியாது.
நானும் சொல்லவில்லை.