பத்தாவது கேள்வி

வாஷிங்டன் மாநிலத்தில் மழை பெய்யும் பக்கம்.
ப்ளூபெர்ரி வரிசைகள் நனைந்துகொண்டிருந்த ஒரு புதன்கிழமை
எர்மெலிந்தாவிடம் பத்துக் கேள்விகள் கேட்கப்பட்டன.
கேட்டவள் தாதி, ஆங்கிலத்தில்.
கொண்டுபோய்ச் சேர்த்தவன் நெரேயோ,
மூத்த மகன், ஒன்பது வயது,
ஒரு பல் விழுந்து இன்னொன்று முளைக்காத வாய்.

சிரிக்க முடிகிறதா?
தூக்கம் வருகிறதா?
காரணமில்லாமல் பயமாக இருக்கிறதா?
ஒவ்வொன்றாக எடுத்துப் போனான்,
விளிம்புவரை நிரம்பிய டம்ளரைத்
தூக்கிப் போகிறவன்போல.
கைக்குழந்தை அம்மாவின் தோளில் உறங்கியது.

பத்தாவது கேள்வியை
வாங்கினான்.
கொஞ்ச நேரம் வைத்திருந்தான்.
பிறகு அம்மாவிடம்
“பசிக்கிறதா?” என்று கேட்டான்.
“அடிக்கடி” என்றாள்.
“ஒருநாளும் இல்லையாம்” என்றான் தாதியிடம்.

தாதி கட்டத்தில் சுழி போட்டாள்.

அதைப் பொய் என்று எழுத
எனக்குக் கை வரவில்லை.

*

எனக்கு எப்படித் தெரியும் என்றால்,
மாவட்டக் கூட்டங்களில் குறிப்பெடுப்பவள் நான்.
பதினான்காம் பொருள்: மனநலம், மொழிச் சேவை, நிதி.
பேசுகிறவருக்கு இரண்டு நிமிடம்.
எர்மெலிந்தா மிஸ்தெக்கோவில் பேசினாள்.
ஃபிதென்சியா அதை ஸ்பானிஷுக்குக் கொண்டுவந்தாள்.
ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு இன்னொருவர்.
சுவரில் ஒரே கடிகாரம்
மூன்று பேரின் நேரத்தையும் சேர்த்துத் தின்றது.

மகன் செய்ததைத்தான் அவள் சொன்னாள்.
ஒரு ராத்திரி அவனே எழுந்து உட்கார்ந்து
அழுதபடி ஒப்புக்கொண்டானாம்.
“அந்தக் கேள்விக்கு என் உண்மையான பதில்...”
மணி அடித்தது.

உறுப்பினர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார்.
ஸ்பானிஷ் தெரிந்த ஆலோசகர்தான் ஏற்கெனவே இருக்கிறாரே,
பிறகென்ன?
நியாயமான கேள்வி மாதிரிதான் இருந்தது.

ஃபிதென்சியா ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பினாள்.
“எங்கள் பேச்சில் துக்கம், கோபம், மறதி
எல்லாம் ‘இனி’யில்தான் நடக்கும்.
இனி என்றால் உள்ளே.
நெஞ்சும் வயிறும் நினைப்பும்
ஒரே வீட்டில் குடியிருக்கிற உள்ளே.
ஸ்பானிஷில் அதைச் சொல்ல
மூன்று கதவுகளைத் தட்ட வேண்டும், ஐயா.
அவளுக்கு அவ்வளவு தூரம் நடக்கத் தெம்பில்லை.”

இனி.
விசைப்பலகைமேல் என் விரல்கள் நின்றுவிட்டன.
என் வீட்டு மொழியில் அதே ஒலிக்கு
இன்றிலிருந்து என்று பொருள்.
இனி வராதே.
இனி அழுது என்ன.
இனியாவது.

குறிப்பேட்டில் இதற்கெல்லாம் பத்தி கிடையாது.
“விளக்கம் அளிக்கப்பட்டது” என்று அடித்தேன்.

மூன்றுக்கு இரண்டு.
ஆறு மாதம், அரைச் சம்பளம்,
செவ்வாயும் வியாழனும் மட்டும், ஃபிதென்சியாவுக்கு ஓர் அறை.
கேட்டதில் கால்பங்கு.
பதினைந்தாம் பொருள்: சாலையோர மலர்த்தொட்டிகள்.
அதற்கு யாரும் கண்ணாடியைக் கழற்றவில்லை.

ஆக, துயரம்
கிழமை பார்த்து வர வேண்டும்.

*

முதல் வியாழன்
கையெழுத்து வாங்கப் போயிருந்தேன்.
கதவு சாத்தியிருந்தது.
வெளியே நாற்காலியில் நெரேயோ,
கால் தரைக்கு எட்டாமல்.
பழக்க தோஷம், இரண்டு முறை எழுந்து
கதவுவரை போனான்.
யாரும் கூப்பிடவில்லை.
திரும்பி வந்து உட்கார்ந்தான்.

உள்ளேயிருந்து அவன் அம்மாவின் குரல்,
நீளமாக,
யார் மாற்றிச் சொல்லி முடிப்பதற்கும்
நின்று காத்திராமல்.

எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை.
அவனுக்குப் புரிந்திருக்கும்;
காதைப் பொத்திக்கொண்டு
ஏதோ பாட்டை முணுமுணுத்தான்.
பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து,
தோல் முழுதும் ஒரே சுருளாக வர வேண்டுமென்று
நாக்கைக் கடித்துக்கொண்டு உரித்தான்.

பாதியில் அறுந்தது.
மறுபக்கத்திலிருந்து ஆரம்பித்தான்.